ஞாயிறு காலைத் திரையிடல்: படம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

மதுரையில் எங்கள் பக்கத்துப் பழைய தியேட்டரில் மாதம் ஒரு ஞாயிறு காலை 8.30 மணிக்கு ஒரு படம் போடுகிறார்கள். முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்கிறார்கள். டிக்கெட் 80 ரூபாய், வண்டி நிறுத்தக் கட்டணம் அதிலேயே அடக்கம். கொஞ்ச நாளாகவே போய்க்கொண்டிருக்கிறேன். போன மாதம் மாமியாரையும் கூட்டிப் போனேன்.

படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல, வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்ட இறங்குகிறாள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். திரையில் சற்று மங்கலாகத்தான் தெரிந்தது, அதற்கு இவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதன் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று இயக்குநரே வருத்தப்பட்டிருக்கிறார். கையில் கிடைத்த பிரதியைத்தானே போட முடியும்? ஆனால் சத்தம் இவர்கள் கையில்தான் இருக்கிறது. அடிதடிப் படத்துக்கு வைத்த அளவிலேயே விட்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து போய் ஆபரேட்டரிடம் சொன்ன பிறகுதான் காது பிழைத்தது.

பெரிய குறை முன்னுரை. ஒருங்கிணைப்பாளர் நிறையப் படித்தவர், நன்றாகவும் பேசுகிறார். ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் பேசி, கடைசியில் அந்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட்டார். “எல்லாத்தையும் சொல்லிப்புட்டாருல்ல, அப்புறம் படம் எதுக்குத்தா?” என்று மாமியார் கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

இதே மனிதர் கலந்துரையாடலை நடத்தும்போது வேறு ஆள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். பேசியவருக்கு மறுபடி மைக் வேண்டுமென்றால் பேசாதவர்கள் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அன்று முதலில் எழுந்த இருவரும் இத்தாலிய நியோ ரியலிசத்தை, அதாவது சாதாரண மக்கள் வாழ்க்கையை உள்ளபடி காட்டும் பட பாணியை, விட்டு நகரவில்லை. இரண்டு நிமிடம் ஆனதும் மைக் நேராகக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே மகள் கூட்டிவந்த ஒரு கட்டட மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

படத்தில் கான்ட்ராக்டர் சிமெண்டைக் களவாடி விற்பான். அங்கிருந்து ஆரம்பித்தார். “மூட்டைய வெளிய விக்கிறவன் அவசரக்காரன்ங்க. வெவரமானவன் கலவையில மணலக் கூட்டிருவான். பூசி முடிச்சா சாமிக்கும் தெரியாது.” நாலு வருடம் கழித்துச் சுவரில் ஆணி அடிக்கும்போது பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தால்தான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியுமாம். அந்தக் களவைப் போட்டு உடைக்கும் சித்தாள் மங்கம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு, “அப்படிக் கேட்டா மறுநாள் அந்தம்மாவுக்கு வேலை இருக்காது” என்றார். உடனே ஒரு கல்லூரிப் பெண், “அது தெரிஞ்சும் கேக்குறாங்கல்ல, அதுக்காகத்தான் அந்தக் காட்சி” என்று பிடித்துக்கொண்டார். மேஸ்திரி விடவில்லை, அந்தப் பெண்ணும் விடவில்லை. இரண்டு நிமிடக் கணக்கை ஒருங்கிணைப்பாளரே மறந்துவிட்டார். ‘வீடு’ பற்றி நான் எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். ஒன்றிலும் கலவை விகிதம் வந்ததில்லை.

பகல் காட்சிக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மிச்சப் பேச்சு வண்டி ஸ்டாண்டில் நடந்தது. முன்னுரையைக் குறைத்தால் அந்த நேரம் உள்ளேயே கிடைக்கும்.

மற்றபடி, கழிப்பறை சுத்தம். இடைவேளை விடுகிறார்கள், கேன்டீனில் டீயும் பாப்கார்னும் மட்டும். பால்கனிக்குப் படி ஏற வேண்டும், லிஃப்ட் இல்லை. பெரியவர்களோடு போனால் கீழேயே உட்காருங்கள். தனியாக வரும் பெண்கள் நிறைய, எனக்குச் சங்கடமாக எதுவும் நடந்ததில்லை.

அடுத்த மாதம் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலிலிருந்து உருவான படம், அதைப் படித்துவிட்டு வந்தால் பேச இன்னும் சுவாரசியமாக இருக்கும். மாமியார் இப்போதே டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார். முன்னுரை முடிகிற நேரம் பார்த்து உள்ளே போவோம் என்று ஒரே ஒரு நிபந்தனை.