பன்னட் கட்டமா, பெருக்கலா? இருபண்புக் கலப்புக்கு எது கைகொடுக்கும்

இருபண்புக் கலப்பு (இரண்டு பண்புகள் சந்ததிக்கு எப்படிப் போகின்றன என்று பார்க்கும் கலப்பு) என்றதுமே பலரும் ஸ்கேலை எடுத்து பன்னட் கட்டம், அதாவது பெற்றோரின் கேமீட்டுகளை (இனப்பெருக்க செல்களை) ஓரங்களில் எழுதி நிரப்பும் 16 கட்டம், போடத் தொடங்கிவிடுகிறார்கள். விடை சரியாகத்தான் வரும். ஆனால் கேள்வி ஒரே ஒரு வகைச் சந்ததியைப் பற்றி என்றால் அது தேவையில்லாத வேலை, பெருக்கலே போதும் என்பேன்.

மெண்டலின் பட்டாணியையே பார்ப்போம். உருண்டை விதையும் மஞ்சள் நிறமும் ஓங்கு பண்புகள் (ஜீனின் அந்த வடிவம் ஒன்று இருந்தாலே வெளிப்படும்), சுருக்கமும் பச்சையும் ஒடுங்கு பண்புகள் (இரண்டு இருந்தால்தான் வெளிப்படும்). இரண்டு பண்பிலும் கலப்பினமான (ஒவ்வொரு பண்புக்கும் ஓங்கு வடிவம் ஒன்று, ஒடுங்கு வடிவம் ஒன்று வைத்திருக்கும்) இரு செடிகளைக் கலந்தால், ஒவ்வொன்றும் நான்கு வகை கேமீட் தரும், நாலுக்கு நாலு கட்டம் நிரப்பி எண்ணினால் 9:3:3:1. பெருக்கலில், சுருக்கத்துக்கு 1/4, பச்சைக்கு 1/4, இரண்டும் சேர்ந்து வர 1/16, அவ்வளவுதான். மெண்டல் எண்ணிய 556 விதைகளில் சுருங்கிய பச்சை 32. 1/16 கணக்குப்படி 34.75 வர வேண்டும், நன்றாகவே பொருந்துகிறது.

பெற்றோர் ஒரே மாதிரி இல்லாதபோது வித்தியாசம் இன்னும் தெளிவு. ஒன்று இரண்டிலும் கலப்பினம், மற்றது சுருங்கிய விதை, நிறத்தில் மட்டும் கலப்பினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் 1/2, பச்சை 1/4, ஆக 1/8. பண்புகள் மூன்றானால் கட்டம் 64, ஐந்தானால் 1024! எல்லா வகைகளின் விகிதமும் வேண்டுமென்றால் கிளைப்படம் (ஒவ்வொரு பண்புக்கும் கிளை பிரித்து எழுதும் படம்) போடுங்கள், அதுவும் பெருக்கல்தான், வரிசையாக எழுதுவதால் எதுவும் விட்டுப்போகாது.

அப்புறம் கட்டம் எதற்கு? கேமீட் எப்படி உருவாகிறது என்று முதன்முதலில் கற்கும்போது அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரே ஜீனின் இரண்டு அல்லீலையும் (மாற்று வடிவத்தையும்) ஒரு கேமீட்டில் போட்டுவிடும் தப்பு, ஓரத்தில் எழுதும்போதே கண்ணில் பட்டுவிடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பண்புக்குப் பண்பு தனியாகப் பெருக்குவது, ஜீன்கள் சார்பின்றி ஒதுங்கினால்தான், அதாவது ஒன்று மற்றதைச் சாராமல் கேமீட்டுக்குப் போனால்தான், செல்லும். பேட்சன், சாண்டர்ஸ், பன்னட் என்ற மரபியலாளர்கள் மூவரும் இனிப்புப் பட்டாணியில் பூ நிறத்தையும் மகரந்த வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தபோது 9:3:3:1 வரவில்லை, பெற்றோரின் சேர்க்கைகளே அளவுக்கு மீறி வந்தன, காரணம் ஜீன் பிணைப்பு (ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கும் ஜீன்கள் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுவது). இங்கே கட்டம் ஜெயிக்கிறது, ஓரத்தில் கேமீட்டுகளின் உண்மையான விகிதத்தை எழுதிவிட்டால் போதும். மறுசேர்க்கை (சேர்ந்திருந்த அல்லீல்கள் பிரிந்து புதிய சேர்க்கையாவது) 20% என்றும், கலப்பினமான இரு பெற்றோரிலும் இரண்டு ஓங்கு அல்லீல்களும் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன என்றும் கொண்டால், கேமீட்டுகளில் இரண்டும் ஓங்கு 40, இரண்டும் ஒடுங்கு 40, கலந்த இரண்டு வகையும் தலா 10 சதவீதம். இரண்டிலும் ஒடுங்கிய சந்ததி 0.4 × 0.4, அதாவது 16%. பண்புகளைத் தனித்தனியாகப் பெருக்கியவருக்குக் கிடைப்பது 6.25% மட்டுமே.