வி.டி.ஐ. என்று 6,80,000 ரூபாய் வாங்கிவிட்டு 120 நாள் சர்வரைத் தலையில் கட்டிவிட்டார்கள்

காலையிலிருந்து அலுவலகத்தில் 30 பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். தின் கிளையண்ட்டை (சர்வரோடு இணைக்க மட்டும் மேசையில் வைக்கும் சின்னப் பெட்டி) ஆன் செய்தால், லைசென்ஸ் சர்வர் இல்லை என்று சொல்லி வெளியே தள்ளுகிறது. அட்மின் கணக்கில் மட்டும் இரண்டு பேர் நுழையலாம். இதற்கு 6,80,000 ரூபாய்!

வி.டி.ஐ., அதாவது ஆளுக்கொரு தனி விண்டோஸ் மெஷினை சர்வரிலேயே ஓட்டும் ஏற்பாடு என்று சொல்லி விற்றது ஒரு சிஸ்டம் இன்டகிரேட்டர் (சர்வர், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்துப் போட்டுக்கொடுக்கும் கம்பெனி). "ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் தனி விண்டோஸ் சார், ஒருத்தர் மெஷின் தொங்கினா பக்கத்துல இருக்கறவருக்குத் தெரியவே தெரியாது" என்றார்கள். டெமோவில் எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்துவைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, அடுத்த மேசையில் லாகின் செய்து காட்டினார்கள். கர்சர் அதே செல்லில் நின்றது. அந்த இடத்தில்தான் செக் கைமாறியது. ஆனால் அந்த வித்தை எதையும் நிரூபிக்காது. ஒரே விண்டோஸ் சர்வரை எல்லோரும் பங்குபோடும் சாதாரண ஆர்.டி.எஸ். (ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்) செஷனும் கேபிளைப் பிடுங்கினால் அப்படியேதான் காத்திருக்கும். போட்டுக்கொடுத்ததும் அதுதான். சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களைப் பட்டியலிடும் ஹைப்பர்-வி மேனேஜரில், ஆளுக்கொன்று இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ஒரே ஒரு மெஷின். ஒருவர் கனமான ரிப்போர்ட் ஓட்டினால் 30 பேருக்கும் டேலி நகராது.

லைசென்ஸ் விஷயம் பச்சைத் துரோகம். ஆர்.டி.எஸ். ரோலுக்கு மைக்ரோசாஃப்ட் 120 நாள் சலுகைக் காலம் தருகிறது. அதற்குள் ஆளுக்கோ சாதனத்துக்கோ ஒன்று வீதம் சி.ஏ.எல். என்ற அணுகல் உரிமம் வாங்கிப் போட வேண்டும். இவர்கள் ஒன்றுகூட வாங்கவில்லை. பில்லில் "சாஃப்ட்வேர், லைசென்ஸ்" என்று ஒரே வரி; பார்ட் நம்பர் கிடையாது. முதல் தடவை நின்றபோது ரிமோட்டில் வந்து "சின்ன செட்டிங் சார்" என்றார்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த நாள் கணக்கை அழித்துவிட்டு, மறுபடி 120 நாளை ஓடவிட்டிருக்கிறார்கள். அதுவும் முடிந்துவிட்டது.

இப்போது போன் செய்தால் "ஸ்விட்ச்சை மாத்திப் பாருங்க", "அது மைக்ரோசாஃப்ட் பிராப்ளம்". கடைசியில், "ஏ.எம்.சி. போடுங்க, ஆள் அனுப்பறோம்" (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தமாம்). 6,80,000 ரூபாய் வாங்கியவர்கள் பேசுகிற பேச்சா இது?

என்னென்ன சோதிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. பாக்கிப் பணம் தருமுன் சர்வர் மேனேஜரில், லைசென்ஸ் நிலையைக் காட்டும் ஆர்.டி. லைசென்சிங் டயக்னோசரைத் திறங்கள். லைசென்ஸ் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் ஒரு பைசா தராதீர்கள். சி.ஏ.எல். உங்கள் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். தனி விண்டோஸ் 11 தருகிறோம் என்றால் அதற்கான வி.டி.ஏ. (விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆக்சஸ்) உரிமத்தையும் கேளுங்கள். சர்வரில் இருப்பது இவாலுவேஷன் (சோதித்துப் பார்க்க மட்டும் தரும்) பதிப்பா என்று பாருங்கள். 180 நாள் முடிந்தால் மணிக்கொரு தரம் தானாக அணையும். டெமோவில் ஒருவர் போதாது, எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யட்டும். அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே எழுதி வாங்குங்கள்.