கோர்ட் வாசலில் ஒழுங்காகப் பிரமாணம் வாங்கும் ஒரு நோட்டரி ஆபீஸ்

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே, டைப்பிங் சென்டர்களுக்கு நடுவில், ஒரே ஒரு மேசை போட்ட நோட்டரி ஆபீஸ். அஃபிடவிட்டுக்கு, அதாவது பிரமாணம் செய்து கொடுக்கும் எழுத்து வாக்குமூலத்துக்கு, இந்தத் தெருவில் பல கதவுகள் திறந்திருக்கின்றன. இங்கே போகச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: இங்கே சீல் கடைசியில்தான் விழும்.

தாளைக் கொடுத்தனுப்பினால் வேலை ஆகாது; அஃபிடவிட் கொடுப்பவரே வரவேண்டும். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் மூன்றையும் நோட்டரி அசல் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்கிறார். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தால், எதிரில் உட்கார்ந்து மறுபடி போடச் சொல்கிறார். அடியில் உள்ள சான்று 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்கிறது. அது பொய்யாக இருந்தால் குறுக்கு விசாரணையில் அஃபிடவிட்டே ஆட்டம் காணும்.

கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகள். "முழுக்கப் படிச்சுப் பார்த்தீங்களா?" அடுத்தது, "கடவுள் பேர்ல சத்தியமா, உளமார உறுதியா?" இதைக் கேட்கும் நோட்டரிகள் குறைவு. 1969ஆம் ஆண்டு பிரமாணங்கள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சத்தியத்துக்குப் பதிலாக உறுதி கூற இடம் தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே, பொய் சொன்னால் வழக்கும் ஒன்றே. தேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல வைத்து, அச்சடித்த சான்றில் பொருந்தாத சொல்லை அடித்துச் சுருக்கொப்பம் (இனிஷியல்) இடுகிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் வந்தால்தான் இந்த ஆபீஸின் அருமை தெரியும். இங்கிலீஷில் அடித்த அஃபிடவிட்டைப் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்கிறார். ஒவ்வொரு பத்திக்கும் "சரி" என்று வந்த பிறகே அடுத்தது. மையை லேசாகத் தடவி, இடது பெருவிரலை நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே உருட்டாக உருட்டுகிறார். அழுத்தினால் கோடுகள் குழம்பி வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், ஒப்பிடவே முடியாது. 'தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்' என்ற வரியையும் சான்றில் சேர்க்கிறார். இந்த வரி இல்லாத அஃபிடவிட்டில், 'எனக்கு ஒன்றும் தெரியாது, வைக்கச் சொன்னார்கள் வைத்தேன்' என்று பின்னால் மாற்றிப் பேசுவது சுலபம்.

பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, ஒவ்வொரு திருத்தத்திலும் சுருக்கொப்பம், பதிவேட்டில் பதிவு, அதே வரிசை எண் தாளில், கடைசியாக 5 செ.மீ. வட்ட சீல். கேட்காமலே ரசீதும் தருகிறார்.

குறைகளும் உண்டு. கட்டணப் பலகை உள்ளே மட்டும் தொங்குகிறது. விதிப்படி வெளியிலும் வைக்கவேண்டும். சீல் மை அதிகமாகி வரிசை எண்ணின் மேல் பரவுகிறது. பதிவேட்டைத் தேடி எடுக்க நேர்ந்தால் அந்த எண்தான் பிடிமானம், ஆகவே வாங்கியவுடன் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் கோர்ட் கூடும் நேரத்தில் நெரிசல் தாங்காது, மூன்று மணிக்கு மேல் போவது நல்லது.

போகும் முன் தாளைச் சரிபாருங்கள். தேதிக்கோ தொகைக்கோ வெற்றிடம் விட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். நேரில் அறிந்தது எது, கேள்விப்பட்டு நம்புவது எது என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். கோர்ட்டில் தாக்கல் செய்வதற்கான அஃபிடவிட்டுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. மற்றவற்றுக்கு வாங்கும்போது, தாள் வாங்கிய தேதி அஃபிடவிட் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம் கேட்டு மட்டும் இங்கே போகவேண்டாம். அதற்கு நோட்டரிக்கு அதிகாரம் கிடையாது, அவரும் செய்து தருவதில்லை.