எங்கள் ஊர் உணவுக் கூட்டுறவு: பல ஆண்டு உறுப்பினரின் பயன்பாட்டு அனுபவம்

கொங்கு நாட்டில் குன்னத்தூருக்கும் நம்பியூருக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில், சுற்றுவட்டார உழவர்களும் அவர்களிடம் பொருள் வாங்கும் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் உணவுக் கூட்டுறவு ஒன்று இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், உறுப்பினர்களே முறை போட்டு வேலை பார்க்கிறார்கள். அது தொடங்கிய சில மாதங்களிலேயே நான் சேர்ந்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, மஞ்சள் என வீட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அங்கேயே வாங்கிவருகிறேன். எடை போடவும் மூட்டை பிரிக்கவும் என் முறை வரும்போது போய் நிற்கிறேன். இதைப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் விலையையும், அடுத்து உண்மையிலேயே இயற்கை விளைச்சல்தானா என்பதையும் கேட்கிறார்கள். இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயினும், இத்தனை ஆண்டுகள் உள்ளிருந்து பார்த்ததில், இத்தகைய கூட்டுறவு நிலைப்பதும் கலைவதும் அதன் வேலைகளை யார், எப்போது, எவ்வளவு நேரம் செய்வது என்பதை எவ்வளவு தெளிவாகப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

நடைமுறை எளிமையானது. பங்குத்தொகை கட்டிச் சேர்ந்தவருக்குப் பால் சொசைட்டியில் தருவதைப் போன்ற ஒரு பாஸ்புத்தகம் தரப்படும். வார நடுவில் வாட்ஸ்அப்பில் தேவையைச் சொல்லிவிடவேண்டும். சனிக்கிழமை மாலை பொருள் வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்கீடு நடக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் தறிக் குடோன்களுக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் எங்களில் பல. அவர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். கடன் கிடையாது என்பது முதல் நாளிலிருந்து மாறாத விதி. உழவருக்கு அன்றைக்கே பணம் போய்ச் சேரவேண்டுமானால் வேறு வழியில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844 ஆம் ஆண்டு 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடையும் மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற ஒருசில பொருள்களைக் கலப்படம் செய்யாமலும் கடன் கொடுக்காமலும் விற்றே வளர்ந்தது. ஆனால் அந்த விதி வாரக்கூலிக் குடும்பங்களை வெளியே தள்ளிவிடக் கூடாது. அதனால், வசதியுள்ள உறுப்பினர்கள் தை மாதத்திலேயே ஒரு பருவத்துக்கான தொகையை முன்பணமாகக் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் பருப்பும் மஞ்சளும் மொத்தமாக வாங்கப்படுகின்றன. மற்றவர்கள் வாரந்தோறும் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிக்கொள்கிறார்கள். விலை எல்லோருக்கும் ஒன்றுதான். இந்த ஏற்பாட்டை மட்டும் வேறு ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டாலும் போதும் என்று நினைக்கிறேன்.

பொருள்களின் தரத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் தர என்னால் இயலாது. சின்ன வெங்காயம் மிகச் சிறப்பு. பொங்கலூர், தாராபுரம் பக்கத்து உழவர்கள் விலை விழும் காலத்தில் காட்டிலேயே, அதாவது விளைநிலத்திலேயே, பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து சற்று உயர்த்தி, காற்றுப் புகும்படி குச்சிகளைக் கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்த அந்தப் பட்டறையிலிருந்து வரும் வெங்காயம் தொட்டால் சலசலக்கும். கழுத்துப் பக்கம் அழுத்திப் பார்த்தால் கல்லாக இருக்கும். ஈரம் காயாமல் சாக்கில் கட்டிய வெங்காயம் அதே இடத்தில் அமுங்கும். முறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தச் சோதனையைத்தான். சந்தையில் விலை ஏறிக் கிடக்கும் மாதங்களில் எங்கள் விலை கணிசமாகக் குறைவு. விலை விழுந்து கிடக்கும்போது எங்களிடம் சற்றுக் கூடுதல். விதைப்பதற்கு முன்பே உழவரோடு பேசி முடித்த விலை என்பதால் அப்படித்தான் இருக்கும். விலை விழுந்த மாதத்தில் மட்டும் சந்தைக்குப் போய்விடும் உறுப்பினரால் மற்ற மாதங்களின் நன்மையும் எல்லோருக்கும் இல்லாமல் போகும்.

செக்கு எண்ணெயின் விலையைப் பற்றி அடிக்கடி விவாதம் எழுகிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். பருப்பின் விலையை இரண்டரையால் பெருக்கி, செக்குக் கூலியைக் கூட்டி, புண்ணாக்கின் விலையைக் கழித்துப் பார்த்தால் எங்கள் விலை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். அந்தக் கணக்கைப் பங்கீட்டு இடத்திலேயே பலகையில் எழுதி வைக்கிறோம். அதற்கும் மிகக் கீழான விலையில் எங்கேனும் செக்கு எண்ணெய் கிடைத்தால், அதில் வேறு எது சேர்ந்திருக்கிறது என்று கேட்பது நம் உடம்புக்கு நாம் செய்யும் கடமை. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள். அந்த மணத்துக்கு ஈடில்லை. எண்ணெயை வெயிலில் தெளியவைத்தே தருகிறார்கள் என்றாலும் அடியில் கொஞ்சம் கசண்டு தங்கும். அதைக் குறையாக எண்ணவேண்டியதில்லை. புண்ணாக்கு, கடலை கொடுத்த உழவர்களின் மாட்டுக்கே திரும்பிப் போகிறது.

நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிறது. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். பாகில் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுக்கவைக்காத சர்க்கரை பழுப்பாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வாங்கிக் கட்டிபிடிக்கும். அந்த மாதங்களில் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கவேண்டாம் என்பது என் அறிவுரை. சாமையும் தினையும் தவிடு நீக்காமல் குத்தித் தருவதால் விரைவில் சிக்கு வாடை அடிக்கும். அவற்றையும் சிறிது சிறிதாகவே வாங்குவது நல்லது. தக்காளி, கீரை ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறைப் பங்கீடு ஒத்துவராது. அவற்றுக்கு உழவர் சந்தையே போதும். 1999 ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய அந்த ஏற்பாடு செய்யும் வேலையை நாங்களும் செய்ய முயல்வதில் பயனில்லை.

துவரம்பருப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அறுவடை முடிந்து வரும் துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு உடைப்பது எங்கள் பகுதியின் பழைய முறை. மண் கட்டிய துவரையில் வண்டு எளிதில் விழாது; பருப்பும் குழைய வேகும். இதற்கு நிறையக் கைகள் வேண்டும் என்பதால் மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் எல்லா முறையாட்களும் களத்தில்தான் இருப்பார்கள். கடந்த பங்குனியில் ஒரு வயதான உறுப்பினர் வந்து சாக்கிலிருந்து நாலு பருப்பை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இது இந்த வருசத்துதானா?” என்று கேட்டார். “ஆமாங்காத்தா, தை மாசம் அறுத்ததுங்க. எந்தக் காட்டுதுன்னு சாக்குலயே எழுதியிருக்குதுங்க” என்றாள் முறைக்கு நின்றிருந்த கல்லூரிப் பெண். அவர் சாக்கைத் திருப்பி, ஊர்ப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கொண்டுவந்த தூக்குப்போசி நிறைய வாங்கிப் போனார். கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் கிடைப்பதுதான் இந்தக் கூட்டுறவில் நான் பெரிதும் மதிக்கும் அம்சம்.

அந்தப் பதில் உண்மையாக இருப்பதற்கு ஒரு முறைமை இருக்கிறது. எங்களுக்குப் பொருள் தரும் உழவர்கள், ஒன்றிய வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பி.ஜி.எஸ். இந்தியா திட்டத்தில் குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து உழவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஒருவர் காட்டை மற்றவர் பார்வையிட்டு, இயற்கை விளைச்சல்தான் என்று சான்று தரும் ஏற்பாடு அது. அந்தப் பார்வைக்கு வாங்குபவர்களும் உடன் போகலாம். நான் தவறாமல் போகிறேன். வரப்போரம் பக்கத்துக் காட்டு மருந்து படாமலிருக்க என்ன செய்திருக்கிறார்கள், பஞ்சகவ்யம் எங்கே வைத்திருக்கிறார்கள், மாடு எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால், பொட்டலத்தின்மேல் ஒட்டிய முத்திரையைவிட அதிகமான நம்பிக்கை பிறக்கிறது.

இனி வேலைப் பங்கீட்டுக்கு வருகிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1973 ஆம் ஆண்டு தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவில், உறுப்பினர்கள் முறைப்படி வேலை செய்தால்தான் அங்கே பொருள் வாங்க முடியும். அந்த விதியை அப்படியே கொண்டுவரவேண்டும் என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். நான் உடன்படவில்லை. கோயில் நோம்பி, கல்யாண முகூர்த்தம், தறி ஷிப்டு, கறவை நேரம் இவற்றுக்கு நடுவே வாழும் குடும்பங்களிடம் கதவை மூடினால், முதலில் வெளியேறுபவர்கள் நாங்கள் யாருக்காக இதைத் தொடங்கினோமோ அவர்களாகவே இருப்பார்கள். அதே சமயம், யாருக்கு எப்போது முடியுமோ அப்போது வரட்டும் என்று விட்டிருந்த தொடக்க காலத்தில் ஒரே ஏழெட்டுப் பேர் வாரந்தோறும் வந்து களைத்துப்போய், அவர்களில் சிலர் விலகியே போனார்கள். இரண்டுக்கும் இடையில் இப்போது நடைமுறையில் இருப்பது இதுதான்: ஒவ்வொரு வேலையும் இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத சிறு துண்டாகப் பிரிக்கப்பட்டு, பெயரோடு சுவரில் எழுதப்படுகிறது, வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரைச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அவர் முறையை ஏற்கிறார், வீட்டை விட்டு வர முடியாத முதியவர்கள் பை தைத்தும் புளி கொட்டை எடுத்தும் தருகிறார்கள், அதுவும் முறையாகவே எழுதப்படுகிறது. சுவரில் பெயர் எழுதியிருப்பது வெட்கப்படுத்துவதற்கு என்று சிலர் முதலில் நினைத்தார்கள். யாரும் கவனிக்காமல் போய்விடும் வேலையை எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவருவதே அதன் பயன் என்பதை நாளடைவில் உணர்ந்தார்கள்.

இதில் நீண்ட காலம் சரிசெய்யப்படாமல் கிடந்தது நிகழ்ச்சி நாட்களின் சமையல். அரிசிம்பருப்புச் சோறும் கொள்ளு ரசமும் கம்மங்கூழும் இல்லாமல் எங்கள் கூட்டங்கள் நடப்பதில்லை. மேடையில் விதையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேச்சு நடக்கும்போது, அதைக் கேட்க மிகவும் விரும்பிய பெண்களே அடுப்படியில் நின்றார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள் சேர்ந்து எழுந்து கேட்ட பிறகுதான் காய் அரிவது, கிளறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறைப் பட்டியலில் ஏறின. இப்போது ஆண்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பேச்சாளர்களின் நேரத்தைக் குறைத்து, சமைத்தவர்களும் உட்கார்ந்த பிறகே உரை தொடங்கவேண்டும் என்றும் முடிவானது. இவ்வளவு எளிய மாற்றத்துக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

நிகழ்ச்சிகளில் என் கணிப்பில் முதலிடம் ஆனி மாதக் கடைசியில் நடக்கும் விதைப் பகிர்வுக்கே. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்கேற்ப, அந்த நாளில் உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு பருப்பு, கடலை, எள் தேவைப்படும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்; உழவர்கள் அதைக் கூட்டிப் பார்த்து யார் எத்தனை ஏக்கர் எதைப் போடுவது என்று பேசி முடிக்கிறார்கள். கூட்டுறவின் ஓராண்டு வாழ்வு அந்த ஒரு பிற்பகலில் தீர்மானமாகிறது. கோவை மாவட்ட வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகு கும்மி மீது ஆர்வம் பெருகியிருந்ததால், ஓராண்டு அதையும் சேர்த்தோம். மைதானம் நிரம்பியது, எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் தேவைப் பட்டியல் எழுதும் வேலை பாதியில் நின்றுவிட்டது. கும்மியைத் தைப்பொங்கலுக்கு மாற்றியபின் இரண்டும் நன்றாக நடக்கின்றன.

இன்னும் தீராத குறைகள் உண்டு. கணக்கு எழுதும் வேலைக்கு வர ஆட்கள் மிகவும் தயங்குகிறார்கள். தெரிந்த இருவரை நம்பியே அது ஓடுகிறது. 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்வதா என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுந்து தள்ளிப்போகிறது. தணிக்கையும் தேர்தலும் துறையின் மேற்பார்வைக்குப் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மற்றவர்களின் முன்பணத்தைக் கையாளும் அமைப்புக்கு வெளித்தணிக்கை அவசியம் என்பது என் கருத்து. அதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவருகிறேன். பேருந்து வசதியில்லாத ஊர்களிலிருந்து வருபவர்களுக்காகப் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும் இன்னும் சரியாக அமையவில்லை.

மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கும், வாங்கும் பொருள் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று அறிய விரும்புபவர்களுக்கும் இத்தகைய கூட்டுறவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நினைத்த நேரத்தில் நினைத்த பொருள் வேண்டும் என்பவர்களுக்கு மளிகைக் கடையே வசதி. சேர நினைப்பவர்கள் மாசியில் சேர்வது நல்லது. துவரைக்கு மண் கட்டும் வேலையும் மஞ்சள் வரத்தும் அப்போது இருக்கும். ஒரு பருவத்து வேலை முழுவதையும் அருகிலிருந்து கற்றுக்கொள்ளலாம், ஆனியில் தேவைப் பட்டியல் எழுதும்போது உங்கள் வீட்டின் அளவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.