தின்னரா, ஸ்பிரிட்டா, களியா: காருக்குள் படிந்த பெயின்ற் தூசியை எடுக்க எது நல்லது?

முன் மட்காட்டுக்கு பெயின்ற் அடிக்கவென்று காரைக் கராஜில் விட்டிருந்தேன். பக்கக் கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கிக் கிடந்ததை நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. பின்னேரம் போய்க் கதவைத் திறந்தால் டாஷ்போட், ஸ்ரியரிங், சீற் எல்லாம் வெள்ளைப் பனி. தடவினால் சாண்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரப்பு.

"தின்னர் போட்டா ஒரு நிமிசத்தில போயிடும் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே அங்கு வேலை செய்த தம்பி துணியை நனைத்து இழுத்தான். பெயின்ற் போனது உண்மைதான். கியருக்குப் பக்கத்திலிருந்த கறுப்புப் பட்டியின் மினுக்கமும் அதோடு போனது. பால் ஊற்றிய மாதிரி வெளிறிவிட்டது.

தின்னரின் குறையே அதன் கெட்டித்தனம்தான். அதில் பெரும்பாலும் தொலுயீன், அசற்றோன் போன்றவை இருக்கும். பெயின்றைக் கரைக்கும் அதே வேகத்தில் ஏபிஎஸ், பொலிகாபனேற் வகைப் பிளாஸ்ரிக்குகளையும் அவை கரைக்கும். நெயில் பொலிஷ் ரிமூவரும் அசற்றோன் கலந்ததென்றால் இதே கதைதான். பொலிபுறோப்பலீன் வகைப் பிளாஸ்ரிக்தான் ஓரளவு தாங்கும். உங்கள் காரில் எது எந்தப் பிளாஸ்ரிக் என்று அறிய, கழற்றக்கூடிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பிபி (பொலிபுறோப்பலீன்) அல்லது ஏபிஎஸ் என்று அச்சில் பதிந்திருக்கும். இன்னொரு விஷயம்: அசற்றோனின் ஆவி, பொறி பட்டால், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையிலேயே தீப்பிடிக்கும். நம் ஊர் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு அதை வைத்துத் துடைப்பது விளையாட்டல்ல.

மண்ணெண்ணெயை நம் ஊரில் பலர் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஒஸ்ரின் காரையே மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம், அதன்மேல் ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் காய்ந்து இறுகிய பெயின்றை அது கரைக்காது, மணமும் பிசுக்கும் நாட்கணக்கில் நிற்கும், கதவு ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதும். இதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு ஸ்பிரிட்டுக்கு, அதாவது பாமசியில் வாங்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அற்ககோலுக்கு. ஹாட்னர் (பெயின்றை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்த பெயின்றை இது கரைக்காது, உண்மைதான். ஆனால் இங்கே கரைக்க வேண்டிய தேவையே அதிகம் இல்லை. காற்றில் மிதந்து வந்த துளி பாதி காய்ந்துதான் விழுகிறது. நேரே அடித்த பெயின்ற் போல அது பிடிப்பதில்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதிலும் பொலிபுறோப்பலீனில் பெயின்ற் ஒட்டுவதே கஷ்டம். பம்பருக்குத் தனிப் பிரைமர் அடிப்பது அதனால்தான். ஆகவே ஸ்பிரிட்டில் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்து, பிடியைத் தளர்த்தி, பழைய பல் பிரஷால் டாஷ்போட்டின் தோல் வரிகளுக்குள் வட்டமாகத் தேய்த்தேன். நுரையோடு வெள்ளைத் தூள் எழும்பி வந்தது. கை உளைந்தது, ஆனால் நிறம் போகவில்லை. முதலில் சீற்றுக்குக் கீழே எங்காவது சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துணியில் கறுப்புச் சாயம் ஏறினால் அதோடு நிறுத்துங்கள். லெதர் சீற்றில் இது சீக்கிரம் நடக்கும்.

களிக் கட்டி, கார் பொடியில் தேய்ப்பார்களே அது, மினுக்கமான இடங்களுக்கு ராசா. சோப்புத் தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் வழுக்க விட்டால் துளிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். மீற்றருக்கு மேலிருக்கும் மூடிக்கு இதைத்தான் பாவித்தேன். அது கண்ணாடி போலத் தெரியும், ஆனால் அக்ரிலிக் அல்லது பொலிகாபனேற். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால்கூட மயிர்க்கோடாக வெடிப்பு விழலாம். களியைச் சொரசொரப்பான டாஷ்போட்டில் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். வரிகளுக்குள் அப்பிக்கொள்ளும், பிறகு பெயின்றை விட்டுவிட்டுக் களியைத் தோண்ட வேண்டி வரும்.

வெள்ளை மெலமின் ஸ்பொஞ்ச் வேகமாக எடுக்கும், ஆனால் அது உண்மையில் மிக நுண்ணிய சாண்ட் பேப்பர். மினுக்கத்தை மங்கச் செய்யும்.

கண்ணாடிக்குப் புது பிளேட்டும் சோப்புத் தண்ணீரும் போதும். பின் கண்ணாடியின் சூட்டுக் கம்பிக் கோடுகளிலும் ரின்ற் தாள் ஒட்டிய இடத்திலும் பிளேட் வேண்டாம். துணிச் சீற்றில் எதையும் ஊற்றாமல், நன்றாகக் காயவிட்டு, பிரஷால் உடைத்து வக்குயூமில் உறிஞ்சினால் பெரும்பகுதி போய்விடும். கூரைத் துணியில் திரவமே கூடாது, பின்னாலுள்ள பசை விட்டுத் தொங்கும். சீற் பெல்ற்றுக்கு இளஞ்சோப்புத் தண்ணீர் மட்டும். உயிரைத் தாங்கும் நார் அது.

கடைசியாகக் கழுவும் தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். முதல் நாள் துடைத்துக் காய்ந்ததும் கறுப்பு டாஷ்போட்டில் மறுபடி வெள்ளைத் திட்டு. பெயின்ற் திரும்பி வந்துவிட்டதோ என்று இன்னொரு அரை மணித்தியாலம் ஸ்பிரிட்டோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் விளங்கியது. பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரில் (அசிட் அல்ல) துணியை நனைத்துத் துடைத்ததும் சரி.

இரண்டு பின்னேரங்களில் வேலை முடிந்தது. அந்தக் கறுப்புப் பட்டியை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. பழைய சாமான் கடையொன்றில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், அதன் ஓரத்திலும் தின்னர் துணி பட்ட ஒரு வெளிறல்.