காப்ஸ் கிராண்ட் ரிப்போர்ட்: ஒன்பது வருடம் எழுதியவளின் மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு சின்ன நகராட்சியின் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் போலீஸ் துறைக்கு வரும் ஃபெடரல் கிராண்டுகளுக்கு, அதாவது மத்திய அரசின் மானியங்களுக்கு, கணக்கு வைத்து அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு. அதில் பெரியது அமெரிக்க நீதி அமைச்சகத்தின் காப்ஸ் (COPS) அலுவலகம் தரும் ஆள் சேர்ப்பு கிராண்ட். நாங்கள் சி.எச்.பி. என்போம். 1994-ல் வந்த குற்றத்தடுப்புச் சட்டத்தோடு பிறந்த அலுவலகம் அது. மக்களோடு சேர்ந்து வேலை செய்யும் போலீஸ்காரர்களை ஊர்கள் நியமித்துக்கொள்ளப் பணம் தருகிறது. இந்த ஊரிலும் இதற்கு முந்தைய ஊரிலுமாக ஒன்பது வருடம் இதற்கு அறிக்கை எழுதியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் சிலர் கேட்டதால், இந்த அறிக்கை முறை எப்படி என்று எழுதுகிறேன்.

முதலில் தேதிகள். எஸ்.எஃப்.-425 என்ற நிதி அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை: ஜனவரி 30, ஏப்ரல் 30, ஜூலை 30, அக்டோபர் 30. வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும் அறிக்கை ஜனவரி 30, ஜூலை 30. கிராண்ட் முடிந்ததும் கடைசி அறிக்கைக்கு 120 நாள். ஒரு டாலர்கூடச் செலவாகாத காலாண்டுக்கும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். கெடு தாண்டினால் பணம் எடுக்கும் வழி அடைபடும். தேதிகள் மாறுவதில்லை, வேறு ஃபெடரல் கிராண்டுகளுக்கும் இதே படிவம்தான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய நிம்மதி.

2020 அக்டோபரிலிருந்து எல்லாம் அந்த அமைச்சகத்தின் ஜஸ்ட்கிராண்ட்ஸ் இணையதளத்தில் நடக்கிறது. பணம் எடுப்பது மட்டும் கருவூலத்தின் ஏ.எஸ்.ஏ.பி. என்ற பணப் பட்டுவாடாத் தளம் வழியாக. நிதி அறிக்கையை அனுப்ப ஒருவர், வேலை அறிக்கையை அனுப்ப ஒருவர் என்று பொறுப்பு பிரித்திருக்கிறார்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அந்தப் பொறுப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஃபெடரல் பணம் வாங்குகிறவர்கள் பதிய வேண்டிய சாம் (SAM) தளத்தில் ஊரின் பதிவையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவுதான் தளத்தைப் பற்றி.

படிவத்தை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்குதான் நம்மைத் தூங்கவிடாது. 'கிராண்டில் 75 சதவீதம் கிடைக்கும்' என்று சிட்டி கவுன்சிலில் சொல்வார்கள். ஆரம்பநிலை ஆபீஸருக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து வருடம் 90,000 டாலர் என்று வையுங்கள். கிராண்ட் சம்பளம் தரும் மூன்று வருடத்துக்கு 2,70,000. அதில் 75 சதவீதம் 2,02,500. ஆனால் நான் எழுதிய கிராண்டுகளில் ஒரு பதவிக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்தே உச்சவரம்பு 1,25,000 டாலர்தான். மீதி 1,45,000 ஊர் போட வேண்டும். அதாவது பாதிக்கு மேல் நம்முடையது. அப்புறம், கிராண்ட் பணம் தீர்ந்த பிறகு அந்தப் பதவியைக் குறைந்தது 12 மாதம் ஊர்ப் பணத்திலேயே வைத்திருக்க வேண்டும். அனுபவமுள்ள ஆபீஸரை அதிகச் சம்பளத்துக்கு எடுத்தால் ஆரம்பச் சம்பளத்துக்கு மேற்பட்டதும் ஊர் தலையில். ஓவர்டைம் இந்தக் கணக்கில் வராது. பேரோலில் இவற்றை முதல் நாளே தனித்தனிக் குறியீட்டில் பிரித்து வைக்காதவர்கள் ஏப்ரல் 29 இரவு உட்கார்ந்து பிரிப்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான விதி: ஊர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த செலவுக்குப் பதிலாக இந்தப் பணத்தை வைக்கக் கூடாது. 40 பேர் இருக்கிற துறைக்கு 2 பதவி கிடைத்தால் 42 ஆக வேண்டும். இடையில் பழைய நாற்பதில் ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தையும் தாமதமில்லாமல் நிரப்ப முயல வேண்டும், முயன்றதற்குச் சான்றும் வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஊரில் அப்படி ஓர் இடம் எட்டு மாதம் காலியாகக் கிடந்தது. ஆள் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் யாரும் எதையும் பதிந்து வைக்கவில்லை. கண்காணிப்புக்கு வந்தவர்கள் கேட்டபோது விளம்பரம் வந்த தேதி, தேர்வு நடந்த தேதி, உடற்தகுதியில் தோற்றவர்களின் எண்ணிக்கை என்று பழைய மின்னஞ்சல்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த அலைச்சலுக்குப் பிறகும் அந்த விதி சரி என்றே சொல்வேன். அது இல்லாவிட்டால் இந்தப் பணம் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போய்விடும், தெருவில் ஓர் ஆபீஸர்கூடக் கூடுதலாக நிற்க மாட்டார்.

பணத்தைக் காக்கும் விஷயத்தில் இந்த முறைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். செய்த வேலையைக் காட்டும் விஷயத்தில் இரண்டுதான்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கிராண்டில் சேர்ந்த ஆபீஸர் ஒருவர் ஒரு குடியிருப்பு வளாகத்தில் கார் கண்ணாடி உடைப்பு தொடர்ந்து நடப்பதைப் பார்த்தார். நான்கு மாதப் புகார்களைச் சுவரில் தேதி வாரியாக ஒட்டினார். பெரும்பாலும் பின்பக்க நிறுத்துமிடம், அங்கே விளக்கு இல்லை. குடியிருப்பவர்களை உட்கார வைத்துப் பேசி, நிர்வாகத்திடம் விளக்குப் போட வைத்தார். அப்புறம் மறுபடி எண்ணிப் பார்த்தார். சமூகக் காவல் பயிற்சியில் சொல்லித்தரும் நான்கு படிகளும், பிரச்சினையைக் கண்டறிதல், அலசுதல், செயல்படுதல், மதிப்பிடுதல், அதில் இருந்தன. ஒரு மாலை அவரோடு நானும் போனேன். ஒரு பாட்டி வாசல் கதவைத் திறந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மூன்று வருடப் பணமும் எதற்காக என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஆனால் ஜூலை 30 அறிக்கையில் அந்த ஆபீஸர் 'நியமிக்கப்பட்ட பதவி: 1' என்ற எண்ணாகவும், அதன் கீழே இரண்டு மூன்று வரியாகவும்தான் போனார்.

அந்த வரிகளை வீணாக்காதீர்கள். 'மக்களோடு உறவு மேம்பட்டது' என்று எழுதாமல் எந்த இடம், என்ன பிரச்சினை, முன்பு எத்தனை, இப்போது எத்தனை என்று எழுதுங்கள். நான் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆபீஸரோடு அரை மணி நேரம் உட்கார்ந்துதான் அதை எழுதுகிறேன். இடம் போதாததைத் தனித் தாளில் எழுதி கவுன்சிலுக்குக் கொடுக்கிறேன். அந்த 12 மாதச் சம்பளத்துக்குக் கை தூக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே.

கடைசி நிதி அறிக்கை போன நாளிலிருந்து மூன்று வருடம் எல்லாத் தாளையும் வைத்திருக்க வேண்டும். முந்தைய கிராண்டின் பெட்டி என் மேஜைக்கு அடியில் இருக்கிறது. காலி இடங்களுக்கு ஆள் தேடிய பதிவுகளை அதில் முதல் உறையிலேயே வைத்திருக்கிறேன்.