திராட்சை திருடினால் அபராதம்

31 வருஷம் எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருந்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும், இங்கே ஒருத்தர் திடீரென்று கண்ணை மூடிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பணம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றுதான் முதலில் புத்தி போகும். அதனாலோ என்னவோ, அமெரிக்காவில் மகள் வீட்டில், நியூஜெர்சி எடிசனில் இருந்த ஆறு மாசத்தில் நயாகராவைவிட மனசில் நின்றது ஒரு பழைய மண்டபம். ஹங்கேரியர்களின் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. மூன்று தடவை போனேன். கவுந்தப்பாடி திரும்பியதிலிருந்து பேக்கரியில் உட்கார்ந்தால் இதே பழமைதான் பேசுகிறேன் என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். சரி, எழுதியே வைத்துவிடலாம். ஈரோடு, கோபி, பெருந்துறை என்று பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் இப்போது வீதிக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். போர்டு சின்னது, இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினோம். வண்டி நிறுத்த இடம் போதாது. மைக் செட் நம்ம ஊர் கிடாவெட்டு விருந்தில் வைப்பதைவிடக் கரகரப்பு. உறுப்பினர் யாராவது கூட்டிப் போனால்தான் உள்ளேயே விடுவார்கள். மாப்பிள்ளையின் ஆபீஸில் ஒரு ஹங்கேரியக்காரர் இருந்ததால் எங்களுக்கு வழி கிடைத்தது.

உள்ளே நுழைந்ததும் சுவர் நிறைய மீசைக்காரர்களின் போட்டோ. இவர்கள் எல்லாம் யார் என்று கேட்டேன். அங்கே இருந்த பெரியவர் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரும்பு ஆலைக்கும் பிழைக்க வந்தவர்கள். சுரங்கம் சரிந்து ஒருத்தன் போய்விட்டால் எடுத்துப் போடக்கூடக் காசு இருக்காது. அதனால் ஆளுக்குக் கொஞ்சம் மாசாமாசம் போட்டு, நோய்க்கும் சாவுக்கும் கொடுத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியாவில் ஹேசல்டன் என்ற சுரங்க ஊரில் 1886இல் இப்படி ஆரம்பித்த வெர்ஹோவாய் சங்கம், 1955இல் இன்னொரு ஹங்கேரியச் சங்கத்தோடு சேர்ந்து, வில்லியம் பென் என்ற பெயரில் இன்றைக்கும் பிட்ஸ்பர்க்கிலிருந்து பாலிசி போடுகிறது. பாலிசி எடுத்தவர் எல்லாம் உறுப்பினர், உறுப்பினர் எல்லாம் ஊருக்கு ஊர் கிளை. கிளை என்றால் மாசக் கூட்டம். கூட்டம் என்றால் சாப்பாடு, பாட்டு, ஆட்டம். நாங்கள் பாலிசி போட்டவருக்கு ஒரு காலண்டர் கொடுப்போம். இவர்கள் ஆட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் போன சங்கத்திலும் ஒரு காலத்தில் சாவுப்பணம் இருந்ததாம், இப்போது இல்லை. 1935இல், வயசானவர்களுக்கு சர்க்காரே பணம் கொடுக்கிற சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்த பிறகு, இந்த மாதிரி சங்கங்களைத் தேடிப்போக வேண்டிய அவசியம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் ஆட்டமும் சாப்பாடும் நிற்கவில்லை. தொழில்காரனாக எனக்கு இது ஆச்சரியம். பிரீமியம் நின்ற பிறகும் போனஸ் வந்துகொண்டே இருப்பதை இங்கேதான் பார்த்தேன்.

முதல் தடவை போனது ஆகஸ்டில். 20ஆம் தேதி அவர்களுடைய முதல் ராஜா புனித ஸ்டீபனின் நாள், அதை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துக்குப் பின்னால் நெருப்பு வளர்த்து, சுற்றிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நீளக் கம்பி, முனையில் பன்றிக் கொழுப்புத் துண்டு. சலொன்னா என்கிறார்கள். அதைக் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டால் தீயில் விரிந்து சேவல் கொண்டை மாதிரி ஆகிறது. உருகிச் சொட்டுகிற நெய்யை ரொட்டியில் பிடித்து, மேலே வெங்காயம், தக்காளி, வெள்ளரி, மிளகாய்ப்பொடி தூவித் தின்ன வேண்டும். கம்பியைத் தீயில் காட்டு, ரொட்டிக்குக் கொண்டுவா, மறுபடியும் காட்டு. ஒரு ரொட்டி நனைய அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் இருப்பவரோடு பழமை பேசாமல் வேறு வழியே கிடையாது. பந்தி போட்டுப் பத்து நிமிஷத்தில் இலையை எடுக்கிற நமக்கு இது புது ரோசனை. ருசி? நன்றாக இருந்தது. இரண்டாவது ரொட்டி திகட்டியது.

சமையலறையில் ஆறேழு பாட்டிகள். அவர்களை யாரும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயருக்குப் பின்னால் ‘நேனி’, ஆம்பளை என்றால் ‘பாச்சி’. நாம் அக்கா, மாமா என்று ஒட்டுகிற மாதிரியேதான். குடும்பப் பெயரும் முன்னாலேதான் வரும், நம் இனிஷியல் மாதிரி. அமெரிக்கா என்பதோடு ஒரு ‘பான்’ ஒட்டி ‘அமெரிக்காபான்’ என்றால் அமெரிக்காவில் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி, “ஏனுங்க, நம்மளாட்டவே வாலைப் புடிச்சு ஒட்டறாங்க பாருங்க” என்றாள்.

இரண்டாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாப்பாடு சிக்கன் பாப்ரிகாஷ், கூடவே நொகெட்லி என்று மாவைக் கிள்ளிப்போட்டு வேகவைத்த உருண்டைகள். குழம்பின் நிறத்தைப் பார்த்து, பள்ளிபாளையம் சிக்கன் தின்ற தைரியத்தில் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன். காரமே இல்லை! நிறம் மட்டும்தான். அவர்கள் மிளகாயும் நம் மிளகாயைப்போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனதுதான், அங்கே போய்ச் சாதுவாகிவிட்டது. குழம்பில் புளித்த கிரீம் வேறு. எனக்கு ஐந்துக்கு மூன்று. மாப்பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அப்புறம் சீட்டு. நம்ம ஊர் மன்றத்தில் ரம்மி ஆடியே வாழ்க்கையில் பாதி போனவன் நான், அவர்கள் சீட்டுக்கட்டைப் பார்த்து முழித்தேன். 32 சீட்டுதான். ஸ்பேடு, கிளாவர், டைமண்ட் கிடையாது. ஓக் காய், இலை, இதயம், மணி. ஏஸில் நாலு பருவகாலம். படங்களில் இருப்பதோ, ஆஸ்திரியாக்காரர்களை எதிர்த்த வீரன் வில்லியம் டெல் கதையின் சுவிஸ் ஆட்கள். 1830களில், இப்போது புடாபெஸ்டோடு சேர்ந்துவிட்ட பெஸ்ட் நகரத்து ஓவியர் ஒருவர் வரைந்தது, ஹங்கேரிய வீரர்களைப் போட்டால் அப்போது அவர்களை ஆண்ட ஆஸ்திரிய சர்க்கார் விடாது என்று வெளியூர் வீரனைப் போட்டுவிட்டார் என்று சொல்கிறார்கள். உல்ட்டி என்ற மூன்று பேர் ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் கைவிட்டார்கள்.

கற்றுக்கொடுத்தவர் ஒன்பது வயசில் வந்தவர். 1956 அக்டோபர் 23இல் புடாபெஸ்டில் புரட்சி வெடித்து, நவம்பரில் ரஷ்ய டாங்கிகள் வந்து அடக்கியபோது சுமார் 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அமெரிக்கா வந்தவர்களில் 30,000 பேருக்கு மேல் முதலில் தங்கியது கில்மர் ராணுவ முகாமில். நாங்கள் இருந்த எடிசனுக்குப் பக்கத்திலேயே! எல்.ஐ.சி. பிறந்ததும் அதே 1956, செப்டம்பர் 1. இதைச் சொன்னதும் அவர் பீர் டம்ளரைத் தூக்கினார். நான் என் சோடாவை இடிக்கப் போனேன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். 1849இல் அராட் ஊரில் 13 ஹங்கேரியத் தளபதிகளைக் கொன்றுவிட்டு ஆஸ்திரியர்கள் பீர் டம்ளரை இடித்துக் கொண்டாடினார்களாம். 150 வருஷம் இடிப்பதில்லை என்று சபதம் என்பது கதை. கெடு 1999இல் முடிந்துவிட்டதே என்றேன். “பழக்கம் முடியலையே” என்றார்.

மூன்றாவது தடவைதான் உச்சம். திராட்சை அறுவடை ஆட்டம். தலைக்கு 25 டாலர், கொடுக்கலாம். மண்டபத்து விட்டத்துக்குக் கீழே கயிறு கட்டி, கொத்துக் கொத்தாகத் திராட்சை தொங்கவிட்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே எட்டிப் பறிக்கலாம். ஆனால் பூவேலை போட்ட உடுப்பில் பிள்ளைகளும் பையன்களும் காவல் நிற்கிறார்கள். பிடிபட்டால் ஓரத்தில் அட்டைச் சிறை, ஒரு நீதிபதி, அபராதம். அபராதக் காசு சங்கத்துக்கு. அவர்கள் சார்டாஷ் ஆட்டம் மெதுவாகத் தொடங்கிப் போகப் போக வேகம் பிடிக்கிறது, நம் வள்ளி கும்மி மாதிரியே. வேகம் கூடக்கூடத் திருட்டும் கூடுகிறது.

ஒரே சிக்கல், அன்றைக்குப் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. வீட்டுக்காரிக்கு அங்கே கிடைத்தது வெள்ளரிக்காய் சாலட் மட்டும். சைவத்துக்கு இவ்வளவுதானா என்று சமையலறையில் கேட்டால் முட்டைக்கோஸ் உருண்டையைக் காட்டுகிறார்கள், உள்ளே கறி. நான் மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். சிறைக்குள் நிற்கிறாள், கையில் திராட்சைக் கொத்து. பசிக்கு என்னதான் செய்வாள்? மூன்று முறை பிடிபட்டாள், மூன்று முறையும் அபராதம் நான் கட்டினேன். நாலாவது முறை அந்த நேனிகளே இரண்டு கொத்துப் பறித்து மடியில் போட்டுவிட்டார்கள்.

மார்கழியில் தோட்டத்துச் சாளைக்கு முன்னால் ஆட்டுக் கொழுப்பை வைத்து அந்த ரொட்டியைச் செய்து பார்த்தேன். சொட்டின கொழுப்பு ரொட்டி மேலேயே மெழுகாக உறைந்துவிட்டது. நாய்க்குப் போட்டோம்.

ஆனால் திராட்சை யோசனையை வீட்டுக்காரி விடவில்லை. பொங்கலுக்கு நம்ம மன்றப் பந்தலில் பூவன் சீப்பு கட்டித் தொங்கவிடலாம், வசூலாகிற காசை மன்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடமே கேட்டுவிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தானுங்க்கா இருக்கும். ஆனா காவலுக்கு யாரைப் போடறது? புடிக்கறவன் மாமன், புடிபடறவன் மச்சான். அபராதம்னு சொன்னா அடுத்த நாள் ஓரியாட்டம் வந்துருமே.”

“நான் நிக்கறேன் தம்பி” என்றாள்.